மலைநடைக் குழுவோடு பனிச்சறுக்குத் தளத்துக்குச் செல்வோர், ஸ்லெட்டில் ஏறி உட்காரும் முன் அறிய வேண்டியவை

பனிக்காலத்தில் மலைநடைக் குழுக்கள் பனிச்சறுக்குத் தளங்களை ஒட்டியே நடப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், சாலையில் பனி அகற்றப்பட்டிருக்கும், வழி தவறினாலும் சறுக்குபவர்களை மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட லிஃப்ட்டின் கம்பங்கள் கண்ணில் படும். அப்படிப் போகும் குழுவில் யாராவது ஒருவர் முதுகுப்பையின் பின்புறம் பனியில் உட்கார்ந்து சறுக்கும் பிளாஸ்டிக் ஸ்லெட் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஏறும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேலே போய்ச் சேர்ந்து, சூடாக எதையாவது குடித்து, கால்வலியோடு கீழே எட்டிப் பார்க்கும்போதுதான், சீவிவிட்டதுபோல் மட்டமாக நீண்டு கிடக்கும் அந்த வெள்ளைச் சரிவு எல்லோர் கண்ணையும் இழுக்கிறது. ஸ்லெட்டின் கயிறும் அவிழ்கிறது.

பெரும்பாலான தளங்களில் பனிச்சறுக்குப் பாதை மீது ஸ்லெட் ஓட்டத் தடை உண்டு. சில தளங்கள் அதற்கெனத் தனிப் பாதையோ தனிச் சரிவோ ஒதுக்கியிருக்கும். மிகச் சில தளங்கள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் அனுமதிக்கும். உங்கள் தளம் இவற்றில் எந்த வகை என்பதை மலையுச்சியில் களைப்போடு நின்று முடிவுசெய்யக் கூடாது, வீட்டிலேயே தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். அதைத் தெரிந்துகொள்வது எப்படி, குழுவோடு சரிவின் ஓரமாக நடப்பது எப்படி, அனுமதி உள்ள இடத்தில் சறுக்குவது எப்படி என்பதை, இதற்குப் புதியவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

தடைக்கான காரணத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

காரணம் புரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், பலகை இல்லாத இடத்தில் தடுமாறுவார். ஆகவே ஒரு சிறிய கணக்கிலிருந்து தொடங்குவோம். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் உயரம் இறங்கும் பொருளின் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டரை எட்டும். 20 மீட்டர் இறங்கினால் 70 கிலோமீட்டரைத் தாண்டும். ஆல்ப்ஸ் நாடுகளில் எளிதான சரிவு என்று நீல நிறத்தால் குறிக்கப்படும் பாதைகளே 25 சதவீதம் வரை சாய்ந்திருக்கலாம். அத்தகைய சாய்வில் 80 மீட்டர் தூரம் சறுக்கினாலே சுமார் 20 மீட்டர் உயரம் இறங்கிவிடுவோம். உராய்வு இந்த வேகத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இயந்திரத்தால் அழுத்தி இறுக்கிய பனியில் அந்தக் குறைப்பு சொற்பமே. ஆக, குழந்தைகளுக்கு என்று விற்கப்படும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, நகரச் சாலையில் ஓடும் காரின் வேகத்தைச் சில நொடிகளில் எட்டிவிட முடியும்.

பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு இரும்பு விளிம்பு உண்டு. பயிற்சி பெற்றவர் அதைப் பனியில் பதித்துத் திரும்பவும் நிற்கவும் முடியும். பிளாஸ்டிக் ஸ்லெட்டுக்கும் காற்றடித்த டியூபுக்கும் விளிம்பும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. டியூபோ வட்டத் தட்டோ சுழன்று, உட்கார்ந்தவரின் முதுகு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி திரும்பிவிட்டால், எதில் மோதப்போகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கீழே லிஃப்ட் வரிசையில் நிற்பவர்களும், பாதை நடுவே மண்டியிட்டுக் கட்டையை மாட்டிக்கொண்டிருக்கும் குழந்தையும் அவர் வருவதைப் பார்த்து விலகினால்தான் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் கம்பங்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் தடித்த மெத்தைகளை அவிழ்த்து அவற்றின் மீதே சறுக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. அது விளையாட்டில் சேராது. அன்றிரவு அவிழ்த்த மெத்தையால், மறுநாள் காலையில் யாரோ ஒருவர் வெறும் இரும்பில் மோத நேரிடும். குழுவில் யாரேனும் அப்படிச் செய்யக் கண்டால், நட்பைப் பாராமல் தடுத்துவிடுங்கள்.

படி 1: இடம் யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும்

“இது அரசு நிலம்தானே, எல்லோருக்கும் பொதுதானே?” என்ற கேள்வியைப் புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல பனிச்சறுக்குத் தளங்கள் தேசிய வன நிலத்தில்தான் இயங்குகின்றன. 1986-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் ஒன்றின் கீழ் வனத்துறை அவற்றுக்கு நீண்டகால அனுமதி வழங்குகிறது. நிலம் பொதுவானது என்றாலும், அனுமதி எல்லைக்குள் சரிவுகளைப் பராமரிப்பதும் பாதுகாப்புக்காகப் பாதைகளைத் திறப்பதும் மூடுவதும் தளத்தை நடத்துவோர் பொறுப்பில் வருகின்றன. ஆல்ப்ஸ் பகுதியிலோ, சரிவுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம். பனிக்காலத்தில் மட்டும் ஒப்பந்தப்படி அது தளத்தின் கைக்கு வருகிறது. இரண்டிலும், வேலி இல்லை என்பதற்காக அனுமதி இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தைய நாளே தளத்தின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பது நல்லது. நடந்து ஏற அனுமதி உண்டா, உண்டென்றால் எந்த வழியாக, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று கேளுங்கள். வட அமெரிக்கத் தளங்கள் பலவற்றில் ஏறுநடைக்கெனத் தனி விதிகள் உள்ளன. சில இடங்களில் பெயர் பதிந்து கைப்பட்டை வாங்க வேண்டும். சில இடங்களில் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். பனிச்சரிவு (மலையிலிருந்து பனித்திரள் பெயர்ந்து சரிந்து விழுவது) அபாயத்தைக் குறைக்க வெடி வைக்கும் காலை நேரங்களில் வழி முழுவதுமாக மூடப்படும். ஸ்லெட்டைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். “நடந்து ஏறலாம்” என்ற பதிலுக்குள் “சறுக்கி இறங்கலாம்” என்பது அடங்காது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் குழுக்கள் செய்யும் முதல் தவறு. நாயை அழைத்து வருபவர் இருந்தால் அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பல தளங்கள் லிஃப்ட் ஓடும் நேரத்தில் நாயை அனுமதிப்பதில்லை.

வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் ‘ஸ்னோ பார்க்’ எனப்படும் பனி அகற்றிய நிறுத்துமிடங்கள் உண்டு. வண்டிக்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்கி அங்கே நிறுத்தலாம். அவற்றில் சில, ஸ்லெட் விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட சரிவுகளை ஒட்டி அமைந்தவை. குழந்தைகளோடு வரும் குழுவுக்கு இவையே பொருத்தமானவை என்பது என் கருத்து.

படி 2: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் 1876-இல் தொடங்கிய அப்பலாச்சியன் மவுன்டன் கிளப், 1906-இல் சியாட்டிலில் தொடங்கிய மவுன்டனியர்ஸ் போன்ற பழைய அமைப்புகளில் பனிநடைக்கெனப் பயிற்சி வகுப்புகளும், தேர்ச்சி பெற்ற வழிநடத்துநர்களும் இருக்கிறார்கள். வரைபடம், திசைகாட்டி, கூடுதல் உடை, விளக்கு, முதலுதவிப் பொருள் என்று மலையேறுவோர் இன்றும் சொல்லிக்கொடுக்கும் ‘பத்து அத்தியாவசியப் பொருள்கள்’ பட்டியல் இந்த மவுன்டனியர்ஸ் அமைப்பிலிருந்து வந்ததே. நண்பர்களாகச் சேர்ந்து போகும் சிறு குழுவும் நல்லதுதான். ஆனால் அதிலும் ஒருவர் முன்னே செல்ல வேண்டும், ஒருவர் கடைசியில் வர வேண்டும், இருவருக்கும் மொத்தம் எத்தனை பேர் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் வருபவர் மெதுவாக நடப்பவராக இருந்துவிடக் கூடாது. பின்தங்கியவரைக் கூட்டிக்கொண்டு வரும் அளவுக்கு அனுபவமும் பொறுமையும் அவருக்கு வேண்டும்.

பெரிய குழுவென்றால் கூடுதல் விதிகள் உண்டு. அமெரிக்கத் தேசிய வனங்களில் வணிக நோக்கமில்லாத குழுவாக இருந்தாலும், பார்வையாளர்களையும் சேர்த்து 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் முன்அனுமதி பெற வேண்டும். அந்த எண்ணிக்கைக்குப் போகாவிட்டாலும், பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் இரு அணிகளாகப் பிரிந்து, சற்று இடைவெளி விட்டு நடப்பது நல்லது. சரிவின் ஓரத்தில் நீண்ட வரிசையாக நிற்பதே மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

ஸ்லெட் கொண்டுவரலாமா கூடாதா என்பதை, அழைப்பு அனுப்பும்போதே வழிநடத்துநர் எழுதிவிட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் குழந்தையிடம், கையில் ஸ்லெட்டோடு இருக்கும்போது “இன்று முடியாது” என்று சொல்வது யாருக்கும் கடினம்.

படி 3: சரிவின் ஓரமாக ஏறுதல்

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். 1967-இல் பத்து நடத்தை விதிகளை வகுத்தது. ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் விபத்து வழக்குகள் வரும்போது நீதிமன்றங்கள் இவ்விதிகளையே அளவுகோலாகக் கொள்கின்றன. இவற்றுள் ஏழாவது விதி நடப்பவர்களுக்கு உரியது: காலால் ஏறுபவரும் இறங்குபவரும் பாதையின் ஓரத்தைப் பற்றியே செல்ல வேண்டும். குறுகலான இடத்திலோ, மேலிருந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலோ நிற்கக் கூடாது என்பது ஆறாவது விதி. வழிகாட்டும் குறிகளையும் எச்சரிக்கைகளையும் மதிக்க வேண்டும் என்பது எட்டாவது விதி.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், ஓரக் கம்பங்களை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இருவர் இருவராகப் பேசிக்கொண்டு போவதற்கு இது இடமில்லை. மேட்டின் விளிம்புக்குக் கீழே ஓய்வெடுக்க உட்காராதீர்கள். மேலிருந்து வருபவருக்கு அந்த விளிம்பைத் தாண்டிய பிறகுதான் நீங்கள் தெரிவீர்கள். அதற்குள் அவருக்கு நிற்க இடம் இருக்காது. பாதையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், மேலும் கீழும் நெடுந்தூரம் பார்வை கிடைக்கும் இடத்தில், ஒவ்வொருவராக, நிற்காமல் கடந்துவிடுங்கள். ஸ்லெட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போவதைவிட முதுகில் கட்டிக்கொள்வதே பாதுகாப்பு. கை நழுவிய வெறும் ஸ்லெட்டும் கீழே இருப்பவரைக் காயப்படுத்தும்.

சீர்செய்த பனியில் வெறும் பூட்ஸோடு நடந்தால் கால் புதைந்து குழி விழும். இரவில் அந்தக் குழி கல்லாக உறைந்து, காலையில் சறுக்குபவரின் கட்டையைத் தட்டிவிடும். பனி இளகியிருந்தால், கால் புதையாமல் தாங்கும் அகன்ற ஸ்னோஷூ மாட்டிக்கொள்ளுங்கள். சமதளப் பனிச்சறுக்குக்கு என்று இயந்திரம் பதித்துவைத்திருக்கும் இரட்டைத் தடங்களின் மீது ஒருபோதும் கால் வைக்காதீர்கள்.

படி 4: லிஃப்ட் நின்ற பிறகு மலைக்குப் போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். “மாலையில் எல்லோரும் போன பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் சறுக்கிக்கொள்ளலாமே” என்ற யோசனை இயல்பாகத் தோன்றக்கூடியது. கெட்ட எண்ணமும் அதில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் சரிவு மிக ஆபத்தான வேலையிடமாக மாறுகிறது.

லிஃப்ட் நின்றதும் பனியைச் சமன்செய்யும் கனரக இயந்திரங்கள் புறப்படுகின்றன. செங்குத்தான சரிவில் அவை தம் எடையைத் தாமே தாங்க முடியாது என்பதால், மேலே ஒரு நங்கூரத்தில் எஃகுக் கம்பிவடத்தை மாட்டி, அதைப் பிடித்தபடி ஏறி இறங்குகின்றன. அந்த வடம் விரல் பருமன்தான் இருக்கும். ஆனால் ஒரு கிலோமீட்டர் வரை நீளக்கூடியது. இயந்திரம் மேட்டுக்கு அப்பால், உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கலாம். வடம் மட்டும் உங்கள் முன்னால் கிடக்கும்.

ஒரு மாலை, வெளிச்சம் மங்கும் வேளையில், மரங்களுக்கிடையே ஒதுங்கி நின்று அதைப் பார்த்தேன். சமன்செய்த பனியில் யாரோ குச்சியால் கோடு கிழித்ததுபோல் ஒரு மெல்லிய கீறல், அவ்வளவுதான். அதைக் கம்பி என்று எண்ணவே தோன்றவில்லை. திடீரென அந்தக் கீறல் விறைத்தது, பனித்தூள் இரு பக்கமும் தெறித்தது, வடம் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, ஒரு முனகல் ஒலியோடு பக்கவாட்டில் பல மீட்டர் நகர்ந்து, மறுபடி தளர்ந்து பனியில் விழுந்தது. இயந்திரத்தின் விளக்கு மேட்டின் மேல் தெரிந்தது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். அந்த இடத்தில் ஒருவர் ஸ்லெட்டில் உட்கார்ந்து இறங்கியிருந்தால், வடம் அவருடைய கழுத்து மட்டத்தில் இருந்திருக்கும். ஓட்டுநருக்கு அவர் அங்கே இருப்பதே தெரிந்திருக்காது.

ஐரோப்பாவில் இப்படி வடம் கட்டி வேலை நடந்த இடங்களில் பனிச்சறுக்கு வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே, சரிவின் அடியில் சுழலும் விளக்கோ வடத்தின் படம் வரைந்த எச்சரிக்கைப் பலகையோ இருந்தால், அந்தச் சரிவுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் நுழையாதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் இரவில் பாதை மூடப்பட்டதாகவே கொள்ளுங்கள். மாலைநடைக்கெனச் சில தளங்கள் வாரத்தில் ஓரிரு நாள் ஒரு குறிப்பிட்ட சரிவைத் திறந்துவைக்கும். அந்த நாளில், அந்தச் சரிவில் மட்டும், தலைவிளக்கோடு செல்லலாம்.

படி 5: அனுமதி உள்ள இடத்தில் சறுக்குதல்

ஆல்ப்ஸ் பகுதியில் ஸ்லெட்டுக்கென்றே நீண்ட பாதைகள் பராமரிக்கப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் கிரின்டல்வால்டுக்கு மேலே ஃபால்ஹார்னிலிருந்து இறங்கும் பாதை சுமார் 15 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் தொடக்கத்தை அடைய, லிஃப்ட் நிலையத்திலிருந்து ஸ்லெட்டை இழுத்தபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்து ஏற வேண்டும். மலைநடையும் ஸ்லெட்டும் முறையாகச் சேரும் இடம் என்றால் இதுதான். நடக்கும் ஆசையும் சறுக்கும் ஆசையும் சேர்ந்து உள்ள குழு, பனிச்சறுக்குப் பாதையை ஏக்கத்தோடு பார்ப்பதை விட்டு, இத்தகைய பாதையைத் தேடிச் செல்லலாம்.

இங்கே மரத்தாலான, இரும்புத் தகடு பதித்த ஸ்லெட்டையே பயன்படுத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டிச் செல்ல வேண்டும். தலை முன்னால் இருக்கக் குப்புறப் படுத்துச் சறுக்கக் கூடாது. வேகத்தைக் குறைக்க இரு காலணிகளின் அடிப்பாகத்தையும் பனியில் தட்டையாக அழுத்துங்கள். இடப்பக்கம் திரும்ப இடது காலை அழுத்தி, உடலை இடப்பக்கம் சாயுங்கள், வலப்பக்கத்துக்கும் அப்படியே. எதுவும் பலிக்காத அவசரத்தில், முன்பகுதியை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பிடித்தால் பின்பகுதி பனியில் புதைந்து வண்டி நிற்கும். இவை எல்லாவற்றையும் பாதையின் அடிவாரத்தில், பத்து இருபது மீட்டர் தூரத்தில் பலமுறை பழகிய பிறகே மேலே ஏறுங்கள்.

ஹெல்மெட் கட்டாயமா என்று கேட்காமல் அணிந்துவிடுவதே நல்லது. இத்தாலியில் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஸ்லெட்டிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. அதன் பிறகு அங்கே விதி மேலும் கடுமையாகியிருக்கிறது. பனிச்சறுக்கு ஹெல்மெட் இருந்தால் அதுவே போதும். கழுத்தில் நீண்ட துண்டு தொங்கவிடாதீர்கள். ஓடும் தகட்டில் சிக்கிக்கொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரியவர் ஒருவரோடு சேர்ந்தே உட்கார வேண்டும். முன்னால் போனவர் கண்ணுக்கு மறைந்ததும் கிளம்பிவிடாமல், நல்ல இடைவெளி விடுங்கள். கீழே வந்து நின்றதும் எழுந்து ஓரத்துக்குப் போய்விடுங்கள். நின்ற இடத்திலேயே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர் மீதுதான் அடுத்து வருபவர் மோதுவார்.

தனி ஸ்லெட் சரிவாக இருந்தால், அடியில் சமதளமாகவோ மேல்நோக்கியோ நீண்ட நிற்குமிடம் இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். மரம், வேலி, சாலை, உறைந்த குளம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் போய் முடியும் சரிவு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம்.

படி 6: பருவம் முடிந்து மூடிய தளங்கள்

பருவம் முடிந்து லிஃப்ட் நின்றுவிட்ட தளம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே வெடிவைத்துப் பனிச்சரிவு அபாயத்தைக் குறைக்க யாரும் இல்லை. ரோந்து செல்லும் மீட்புக் குழுவும் இல்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு பெரும்பாலும் நிகழ்கிறது. சிறந்த சறுக்குப் பாதைகள் பலவும் அதே சாய்வில்தான் இருக்கின்றன. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 1 முதல் 5 வரையிலான அளவில் 3 என்று இருந்தாலே, பயிற்சி பெறாத குழு செங்குத்தான இடங்களையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்க்க வேண்டும். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் துழாவும் கோல், மண்வாரி மூன்றும் இல்லாமலும், அவற்றைப் பழகாமலும் இத்தகைய நிலத்துக்குள் போகக் கூடாது. புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் உயிர்பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

படி 7: விபத்து நேர்ந்தால்

உதவுவது எல்லோருக்கும் கடமை என்பது எஃப்.ஐ.எஸ். விதிகளில் ஒன்பதாவது, விபத்தில் தொடர்புடையவர், பார்த்தவர் யாராக இருந்தாலும் பெயரும் முகவரியும் தர வேண்டும் என்பது பத்தாவது. அனுமதியில்லாத இடத்தில் சறுக்கியதை மறைக்க ஓடிவிடுவது, தவறை இரட்டிப்பாக்கும். முதலில், காயமடைந்தவருக்குச் சற்று மேலே ஸ்லெட்டையோ ஊன்றுகோல்களையோ குறுக்காக நட்டு, மேலிருந்து வருபவர்களை எச்சரியுங்கள். பிறகு தளத்தின் மீட்புக் குழுவை அழையுங்கள். அந்த எண்ணைக் காலையிலேயே எல்லோர் கைபேசியிலும் பதிந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஐரோப்பாவில் 112, வட அமெரிக்காவில் 911. ஓரக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கைபேசி வேலைசெய்யாத இடத்தில், விளக்காலோ ஊதலாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சமிக்ஞை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குவதே மலைகளில் உதவி கேட்கும் முறை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுவிட்டார்கள் என்று பொருள். காயமடைந்தவருக்கு அடியில் முதுகுப்பையையோ ஸ்லெட்டையோ செருகி, பனியில் உடல் படாமல் வையுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டிருக்கக்கூடும் என்று தோன்றினால் அசைக்காமல் மேலே மட்டும் போர்த்துங்கள்.

விபத்து எதுவும் இல்லாத நாளிலும், மீட்புக் குழுவினர் யாராவது உங்களை நிறுத்தி “இங்கே சறுக்கக் கூடாது” என்று சொல்லலாம். அப்போது வாதாடாமல் எழுந்து, ஸ்லெட்டை முதுகில் கட்டிக்கொண்டு, ஓரமாக நடந்து இறங்குங்கள். முடிந்தால், எங்கே சறுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். அந்த மலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இறங்கி முடித்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் வழிநடத்துநர் ஆளை எண்ணட்டும். எல்லோரும் வந்துவிட்டாலும் உடனே கலைய வேண்டாம். குளிரில் பேட்டரி செயலிழந்த வண்டி ஒன்றாவது இருக்கக்கூடும். கடைசி வண்டி கிளம்பும் வரை முதல் வண்டியும் காத்திருக்கட்டும்.